உக்கிராணக்காரனின் கணக்கு

நீண்ட ஆயுளும், நிறைந்த குடும்பமும், செழித்த வியாபாரமும் ஒருங்கே பெற்ற ஒரு கிறிஸ்தவர் கண்மூடிய பின் அவரை எதனால் நினைவுகூர்வது என்னும் வினா, சிவகாசிச் சீமையில் வெறும் சம்பிரதாய வினாவன்று. ஏனெனில், 1858-இல் மிஷனரி ராக்லண்ட் பாதிரியார் ஊழியத்தினிடையே உயிர்நீத்த அதே ஊர்தான், 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று கற்றுவந்த தீப்பெட்டித் தொழிலாலும், பின்னர்ப் பட்டாசாலும் ஐசுவரியம் கண்டது.

ஐசுவரியவானை வேதம் கடுமையாகவே எச்சரிக்கிறது. ஆயினும் உவமையில் தாலந்தைப் புதைத்து வைத்தவனையும் அது மன்னிக்கவில்லை. இவ்விரண்டிற்கும் இடையே நிற்பவன் உக்கிராணக்காரன்: கைப்பொருள் தன்னுடையதன்று, தன்னிடம் ஒப்புவிக்கப்பட்டது என்று உணர்ந்தவன்.

இந்த உணர்வு கிறிஸ்தவர்க்கு மட்டும் உரியதன்று. விருதுநகர் வணிகர்கள் மகமை என்னும் பொதுநிதியாலும் பிடி அரிசியாலும் க்ஷத்திரிய வித்தியாசாலைப் பள்ளியை வளர்த்ததும் இதனாலேயே. தென்காசிப் பக்கத்துச் சாம்பவர் வடகரையில் 1859-இல் பிறந்த கிறிஸ்தவரான ஆபிரகாம் பண்டிதரோ, தஞ்சையில் சித்த மருந்து விற்று ஈட்டிய பொருளை இசையாராய்ச்சியில் சொரிந்து, தம் புதல்வியரையும் அதில் ஈடுபடுத்தி, 1917-இல் ‘கருணாமிர்த சாகர’த்தை வெளியிட்டார்; விசுவாசமும் குடும்பமும் வியாபாரமும் அவரிடத்தில் ஒரே காரியமாயின.

கல்லறை வாசகமும் ஞாபகார்த்த மண்டபமும் உறவினரின் அன்புக்குச் சாட்சியாகலாம்; உக்கிராணக்காரன் ஒப்புவிக்க வேண்டிய கணக்குக்குச் சாட்சியாகா. வெடிமருந்தறையில் உயிரைப் பணயம் வைத்து உழைத்த கூலியாளுக்கு என்ன காவல் செய்தாய் என்பதே, பட்டாசு முதலாளி எவரிடமும் அந்தக் கணக்கு கேட்கும் முதற் கேள்வி.