தெய்வம் குலம் கேட்டதா?

பண்டைய ரோமாபுரியில் பெட்ரீசியர் எனப்பட்ட உயர்குடியினர், பறவைகளின் போக்கைக் கொண்டு தேவ சித்தத்தை அறியும் அதிகாரத்தையும் தங்கள் வம்சத்துக்கே உரிய சொத்தாகப் பாவித்தார்கள். கி.மு. 445-இல், பிளபியர் என்ற பொதுக்குடியினரோடு அவர்கள் மணவுறவு கொள்ளலாமென்று கனுலேயஸ் சட்டம் கொண்டுவந்தபோது, இரத்தம் கலந்தால் நிமித்தங்களும் குழம்பிவிடும் என்று வாதாடினார்களாம். நிலத்தின்மீதும் பதவியின்மீதும் உள்ள ஆசையையாவது மன்னிக்கலாம். தெய்வத்துக்கே வேலி போடும் ஆசையை என்னால் மன்னிக்க இயலவில்லை.

கி.மு. 340-இல் லத்தீனியரோடு நடந்த போரில், பின்வாங்கிய தன் சேனையைக் காக்கும் பொருட்டு, பிளபியக் குடியில் பிறந்தவரும், கான்சல் எனப்பட்ட இரு ஆட்சித் தலைவருள் ஒருவருமான தேசியஸ் மூஸ் தம்மையே பலியாக அர்ப்பணித்தார். கரையிட்ட அங்கியைத் தரித்து, முக்காடிட்டு, அங்கிக்குள்ளிருந்து கையை நீட்டி மோவாயைத் தொட்டபடி, தரையில் கிடத்திய ஈட்டியின்மேல் நின்று, வலேரியஸ் என்ற குரு சொல்லச்சொல்ல மந்திரத்தைத் தாமும் உச்சரித்தபின், குதிரையேறிப் பகைவர் நடுவே பாய்ந்து அவர் மாண்டதாக லிவி என்னும் சரித்திராசிரியர் வர்ணிக்கிறார்.

கி.மு. 300-இல் ஒகுல்னியஸ் சகோதரர்கள், மகாகுருக்களின் சபையில் நால்வரையும் நிமித்திகரின் சபையில் ஐவரையும் பிளபியரிலிருந்து புதிதாகச் சேர்க்க வேண்டுமென்று பிரேரணை கொண்டுவந்தார்கள். பெட்ரீசியரான அப்பியஸ் கிளாடியஸ் மூர்க்கமாக எதிர்த்தார். அப்போது எழுந்த தேசியஸின் புதல்வர், தம் தந்தை ஈட்டியின்மேல் நின்ற அந்தக் கோலத்தைச் சபையோருக்கு நினைவூட்டி, பெட்ரீசியரான மறு கான்சல் பலியாகியிருந்தால் எவ்வளவு பரிசுத்தமோ அவ்வளவு பரிசுத்தமாகவே தேவர்களுக்குத் தம் தந்தையும் தோன்றினார் என்றார். இதற்கு எவரும் மறுமொழி கூற இயலாது என்றே கருதுகிறேன். உயிரைக் கொடுக்க வந்தவனிடம் குலம் விசாரியாத தெய்வம், தூபமிட வந்தவனிடம் மாத்திரம் விசாரிக்குமோ?

சட்டம் நிறைவேறிற்று. கி.மு. 295-இல் சென்டினம் போர்க்களத்தில் கால் என்னும் இனத்தார் நெருக்கியபோது அந்தப் புதல்வரும் தந்தையின் வழியே தம்மை அர்ப்பணித்தார். இம்முறை மந்திரத்தைச் சொல்லிக்கொடுத்தவர், புதிய சட்டத்தால் குருவான லிவியஸ் என்ற பிளபியரே.

ஆயினும், வேள்வியரசர் பதவியும் யூப்பிட்டரின் பூசகர் பதவியும் பெட்ரீசியரிடமே தங்கிவிட்டன. மகாகுருக்களின் தலைமையோ, சுமார் அரை நூற்றாண்டுக்குப் பின் கொருன்கானியஸ் என்ற பிளபியரை அடைந்தது. அதுவரை குருக்களுக்குள்ளேயே மறைந்திருந்த சட்ட சாஸ்திரத்தை, கேட்டவர்க்கெல்லாம் பகிரங்கமாகப் போதிக்கத் தொடங்கியவரும் அவரே.