கதவைத் தட்டினானா கலைஞன்?

கலை மக்களுக்கே! இந்த முழக்கத்தை மறுப்பார் இன்று எவருமில்லை. அரண்மனை முற்றத்திலும் ஆலயப் பிரகாரத்திலும் அடைபட்டுக் கிடந்த கலை, பின்னர் சபாக்களின் சாய்வு நாற்காலிகளுக்கு முன்னே மட்டும் சுரம் பிரித்துக்கொண்டிருந்த கலை, தெருவுக்கு வரவேண்டும், பாட்டாளியின் பக்கத்திலே வந்து நிற்கவேண்டும் என்று கேட்டவர்கள் நாம். கேட்டது கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைத்தும் வருகிறது. ஆனால், வந்து நிற்கும் கலைஞனை நோக்கித் தெருவிலே குடியிருப்பவன், "யாரைக் கேட்டு வந்தீர்?" என்று வினவினால் விடை என்ன? பிற்போக்காளன் என்று அவனை ஒதுக்குவதா? கலையறியா மூடன் என்று எள்ளி நகையாடுவதா? அல்லது, கேள்வியிலே நியாயம் உண்டா என்று சற்றே நின்று எண்ணிப் பார்ப்பதா?

எண்ணிப் பார்ப்போம். அவசரம் ஒன்றுமில்லை.

சென்னையின் தென்கோடியிலே, பெசன்ட் நகர் மாளிகைகளுக்கு அண்டையிலே, ஊரூர் ஆல்காட் குப்பம் என்றொரு மீனவர் குடியிருப்பு. 2015-ஆம் ஆண்டு அங்கே ஒரு கலைவிழா தொடங்கிற்று. பாடகர் டி.எம்.கிருஷ்ணாவும், சூழலியல் செயற்பாட்டாளர் நித்தியானந்த் ஜெயராமனும், குப்பத்தார் சிலரும் கூடி எடுத்த விழா. கருநாடக இசையும் பரதமும் பறையும் கட்டைக்கூத்தும் ஒரே மேடையில். மயிலாப்பூர் மண்டபங்களைத் தவிர வேறெங்கும் இசை கேட்டறியாதவர்கள், மீன்வலை உலரும் மணலிலே அமர்ந்து கேட்டனர். பாராட்டினோர் பலர். பழித்தோரும் உண்டு. "மீனவனுக்குச் சங்கீதம் புகட்டப் புறப்பட்டுவிட்டார்களோ! இது கலையா, தருமமா?" என்று கேட்டனர். அமைப்பாளர்கள் தந்த விடை நம் கருத்தைக் கவர்கிறது: குப்பத்துக்கு இசையைக் கொண்டு வருவதல்ல நோக்கம், குப்பத்தை எட்டிப் பார்க்காத நகரத்தாரைக் குப்பத்துக்குக் கொண்டு வருவதே நோக்கம் என்றனர். நல்ல விடைதான். எனினும் ஓர் ஐயம் நமக்கு எழாமலில்லை. விருந்தினர் மனம் திருந்துவதற்காக வீட்டுக்காரன் ஆண்டுதோறும் பாய் விரித்துக்கொண்டே இருக்க வேண்டுமா? அவன் வறுமை மற்றொருவனுக்குப் பாடநூலா? அவ்விழா பின்னர் சென்னைக் கலைத்தெரு விழா என்று பெயர் மாற்றம் பெற்றது. எந்தக் காரணத்தால் மாறியிருந்தாலும், ஒரு குப்பத்தின் பெயரை நிரந்தரப் பதாகையாகத் தாங்கி நிற்பதைவிட இது நன்று என்றே கருதுகிறோம்.

இனி, சுவருக்கு வருவோம். பழைய மாமல்லபுரம் சாலையருகே கண்ணகி நகர். 2000-ஆம் ஆண்டு தொடங்கி, நகரின் நடுவிலிருந்த குடிசைப் பகுதிகளிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்ட பல்லாயிரம் குடும்பங்களைக் குடியேற்றிய இடம். பிழைப்பு ஓரிடம், படுக்கை ஓரிடம் என்று பிரிக்கப்பட்ட மக்கள். 2020-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளையும் சென்னை மாநகராட்சியும் வண்ணப்பூச்சு நிறுவனமொன்றும் கைகோத்து, அடுக்குமாடிச் சுவர்களிலே ஆளுயரம் அல்ல, மாடியுயர ஓவியங்கள் தீட்டச் செய்தன. அழகான ஓவியங்கள். அதில் ஐயமில்லை. "கண்ணகி நகரா?" என்று முகம் சுளித்த நகரம், "கண்ணகி நகரைப் பார்த்தீரா?" என்று கேட்கத் தொடங்கியது. முகவரியைச் சொன்னாலே வேலை மறுக்கப்பட்ட இளைஞனுக்கு அது சிறிய மாற்றமல்ல.

அந்தப் படங்களை வகுப்பிலே நாம் காட்டியபோது, பின்வரிசைச் சிறுவன் ஒருவன் எழுந்து கேட்டான்: "அந்தச் செவுத்துக்கு உள்பக்கம் எப்படி சார் இருக்கும்?"

கலை விமரிசகர் எவரும் கேட்டிராத கேள்வி! சுவரின் வெளிப்பக்கம் ஊருக்கு, உட்பக்கம் குடியிருப்பவனுக்கு. வெளியே வண்ணம் பூசியவன், உள்ளே ஈரம் கசிகிறதா என்று கேட்டானா? அது ஓவியனின் வேலையல்ல என்பீர். உண்மைதான். ஆனால் வெளிப்புறத்தை நிழற்படம் எடுத்து உலகுக்குக் காட்டும் அரசின் வேலை அது. ஓவியன் தன் தூரிகையை எவர் கையில் ஒப்படைக்கிறான் என்பதை அறிந்திருத்தல் வேண்டும்.

நாம் இதை எழுதுவது சடையங்குப்பத்திலிருந்து. கொசத்தலையாறு பெருகினால் நனையும் ஊர். மணலி ஆலைகளின் புகைபோக்கிகளைப் பார்த்து, காற்றின் திசையைச் சொல்லும் சிறுவர்கள் வாழும் ஊர். வெள்ளம் வந்தால் படம் பிடிப்போரும் வருவர். நீர் வடிந்தால் அவர்களும் வடிந்துவிடுவர். ஆகவே, வெளியிலிருந்து எவர் வந்தாலும், "படம் எடுக்கவா?" என்றே எங்கள் மக்கள் முதலிற் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியிலே வெறுப்பில்லை, பழக்கம் இருக்கிறது.

எண்ணூர்க் கழிமுகத்துக்கும் ஒரு பாட்டு வந்தது. 2017 சனவரியில் வெளியான 'சென்னை புறம்போக்குப் பாடல்'. கபேர் வாசுகி எழுதியது, கிருஷ்ணா பாடியது. சாம்பல் படிந்த கழிமுகத்திலே நின்று, கருநாடக இராகங்களிலே, சென்னைத் தெருத்தமிழிலே பாடினார். புறம்போக்கு என்ற சொல் வசையாகிப்போன நாட்டிலே, அது எவருக்கும் தனியுரிமையின்றி எல்லோருக்கும் பொதுவான நிலத்தைக் குறிக்கும் சொல் என்பதை நினைவூட்டிற்று அப்பாடல். கேட்டவர் கலங்கினர். அந்தப் பாட்டுக்குப் பல்லாண்டு முன்பிருந்தே மீனவர்கள் அங்கே போராடிக்கொண்டிருந்தனர் என்பதும் உண்மை. கலைஞன் சாட்சியாகத் தான் வந்தான், தலைவனாக அல்ல. அதனாலேயே அந்தப் பாட்டை நாம் மதிக்கிறோம். ஆனால், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் பரவி, பக்கிங்காம் கால்வாய் வழியே கழிமுகம் வரை கருத்தபோது, படகிலும் வலையிலும் ஒட்டிய பிசுபிசுப்பைப் பாட்டு துடைக்கவில்லை. பாட்டினால் ஆகக்கூடியது எது, ஆகாதது எது என்று அளந்து பேசுதல் கலைக்கு இழுக்காகாது.

இங்கே ஓர் எதிர்வாதம் எழும். "மக்களைக் கேட்டுத்தான் கலை செய்யவேண்டுமென்றால், நடிகவேள் எம்.ஆர்.இராதா யாரைக் கேட்டார்? ஊர் ஒப்புக்கொண்ட பிறகா அவர் மேடையேறினார்?" வலிமையான வாதம். 1954-ஆம் ஆண்டின் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் அவரைக் குறிவைத்தே வந்தது என்பதை அன்றைய தமிழகம் அறியும். ஞாநி தொடுத்த வழக்கிலே 2013-இல் சென்னை உயர்நீதிமன்றம் அச்சட்டத்தின் பிரிவுகளைச் செல்லாதனவாக்கும் வரை, அது நாடகக்காரன் தலைமேல் தொங்கும் கத்தியாகவே இருந்தது. இராதா, மனம் புண்படுவோர் என் நாடகத்துக்கு வரவேண்டாம் என்று முன்கூட்டியே அறிவித்தவர். எவ்வளவு துணிவு! எவ்வளவு நேர்மை! ஆம், நேர்மை என்றே சொல்கிறோம். ஏனெனில் வராமலிருக்கும் உரிமையை அவர் எதிரிக்கும் விட்டுவைத்தார். கொட்டகைக்குச் சுவருண்டு, வாயிலுண்டு, நுழைவுச் சீட்டுண்டு, பிடிக்காதவன் வீட்டிலிருக்கலாம்.

தெருவிலே ஆடுபவன் அப்படிச் சொல்ல முடியுமா? "பிடிக்காதவன் வரவேண்டாம்" என்றால், தெருவாசி எங்கே போவான்? அவன் வரவில்லையே, அங்கேயே இருக்கிறானே! கொட்டகைக் கலைஞனுக்கு உள்ள முழு உரிமை தெருக் கலைஞனுக்கு இல்லை என்று நாம் கூறுவது இதனால்தான். கருத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. கதவைத் தட்டச் சொல்கிறோம்.

ஆனால் — இந்த 'ஆனால்' பெரியது — கதவுகள் எல்லாம் ஒரே வகையா? "ஊர் சம்மதம்" என்ற சொல்லைத் தமிழ்நாட்டிலே கூசாமல் எப்படிச் சொல்வது? ஊர் என்றும் சேரி என்றும் நிலத்தைக் கூறுபோட்டவர்கள் அல்லவா நாம்! இந்தத் தெருவில் செருப்பணியாதே, இந்தத் தெருவில் பிணம் தூக்காதே என்ற கட்டளைகளெல்லாம் ஊர் சம்மதத்தின் பெயராலேயே நடந்தன. நாளை அந்த ஊர், "எங்கள் தெருவிலே பறை ஒலிக்கக்கூடாது" என்றால், அதையும் குடியிருப்போர் உரிமை என்று கும்பிட்டு நிற்பதா?

மாட்டோம். ஆயினும் அதே சொற்களை வேறொருவன் சொல்கிறான், கேளுங்கள். இவன் பாட்டன் சாவு வீட்டுக்குச் சாவு வீடு, கூலியாக நெல்லும் ஏச்சும் பெற்றுப் பறையடித்தவன். அடிக்க மறுத்தால் உதை. இவன் தந்தை அந்தத் தோலையும் கோலையும் எறிந்துவிட்டு ஆலை வேலைக்கு வந்தான். இன்று பறை பல்கலைக்கழக மேடையேறிவிட்டது; பட்டதாரிகள் இடுப்பிற் கட்டி ஆடுகிறார்கள்; விடுதலையின் முழக்கம் என்கிறார்கள். அவர்கள் சொல்வதும் மெய்யே. அந்த முழக்கத்தோடு அவர்கள் இவன் தெருவுக்கு வருகையில், "இங்கே வேண்டாம்" என்கிறான் இவன். இரண்டு 'வேண்டாம்'. ஒலியிலே ஒன்று, உள்ளத்திலே மலைக்கும் மடுவுக்கும் உள்ள தொலைவு. ஒருவன் தன் உயர்வு குறையுமே என்று மறுக்கிறான். மற்றவன் தன் காயம் திறக்குமே என்று மறுக்கிறான். உயர்வு குறைந்தால் குறையட்டும், அதற்காகவே ஆடலாம். காயம் திறப்பதற்கு எவனுக்கும் உரிமையில்லை, எவ்வளவு முற்போக்கான கோலை ஏந்தி வந்தாலும்.

உறக்கத்தையும் சொல்லவேண்டும். திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் மணலியிலும் ஷிப்ட் முடிந்து விழுபவனுக்கு இரவும் பகலும் ஒன்றே. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணிக்கு மேல் காலை 6 மணி வரை திறந்தவெளி ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. விழாக்களுக்கென ஆண்டில் 15 நாட்களுக்கு மேற்படாமல் நள்ளிரவு வரை தளர்த்த அரசுக்கு இடமுண்டு. தெருக்கூத்தோ, ஊர் அடங்கிய பின் தொடங்கி விடியலில் முடிவது! சட்டம் படுக்கச் சொல்லும் வேளையிலேதான் கட்டியங்காரன் எழுகிறான். கூத்தைக் குறைத்து இரண்டு மணி நேரக் காட்சியாக்கு என்பது எளிது; செய்தும் வருகிறார்கள். ஒலிபெருக்கியைக் குறைத்துக் கூத்தை விட்டுவை என்பதே நம் கட்சி. ஒலிபெருக்கி வருமுன்பும் கூத்து இருந்தது, கேட்பவர்களும் இருந்தார்கள். (ஆடி மாதத்துத் திரைப்பாடல் ஒலிபெருக்கிக்கு எழாத புகார், கூத்துக்கு மட்டும் எழுவது ஏன் என்பதையும் புகார் எழுதுவோர் சற்றே சிந்திக்கலாம்.)

கேட்பது என்றால் கூட்டம் போட்டுக் கை தூக்கச் சொல்வதா? நியூயார்க்கிலே கேட்டுப் பார்த்தார்கள். சிற்பி ரிச்சர்டு செர்ரா 1981-இல் ஓர் அரசு அலுவலக முற்றத்தின் குறுக்கே 120 அடி நீள எஃகுச் சுவரை நிறுத்தினார். அன்றாடம் அதைச் சுற்றி நடந்த ஊழியர் முணுமுணுத்தனர். 1985-இல் பொது விசாரணை. பேசியோர் 180 பேர். வைத்துக்கொள்ளுங்கள் என்றோர் 122, அகற்றுங்கள் என்றோர் 58. பெரும்பான்மை கலைஞன் பக்கமே! இருந்தும் 1989-இல் அறுத்து அகற்றினார்கள். அநீதி என்று கலையுலகம் கொதித்தது. நாம் கேட்பது வேறு: பேச வந்தவர்களில் அந்த முற்றத்தை நாள்தோறும் கடப்பவர் எத்தனை பேர்? பேசத் தெரிந்தவன் வருகிறான். கடக்க வேண்டியவன் கடந்துபோய்க்கொண்டே இருக்கிறான். இதற்கு நேர்மாறாக, பெர்லினில் புளூ என்னும் ஓவியர், தம் சுவரோவியங்களின் புகழைக் காட்டி அந்த நிலத்துக்கு விலை ஏறுவது கண்டு, 2014 டிசம்பரில் தம் ஒப்புதலோடே அவற்றைக் கரும்பூச்சால் மறைக்கச் செய்தார். தான் வரைந்ததைத் தானே அழிக்க எத்தனை பேருக்கு மனம் வரும்?

நம் மாணவி ஒருத்தி பறை கற்க விரும்புகிறாள். தந்தை, மேலே சொன்ன அந்த இரண்டாம் வகை 'வேண்டாம்'காரர். தெரு அவர் பக்கம் நிற்கிறது. நிற்பதிலே நியாயமும் இருக்கிறது. ஆனால் கற்க விழைபவளும் அந்தத் தெருவாசிதானே! அவள் சம்மதத்தை எந்தக் கணக்கில் எழுதுவது? நாம் அவரிடம் இருமுறை பேசினோம். முதல் முறை அவர் தம் தந்தையைப் பற்றி மட்டுமே பேசினார். இரண்டாம் முறை, "தெருவுக்குள்ள வேணாம் வாத்தியாரே" என்றார். பயிற்சி இப்போது ஞாயிறு மாலைகளில் ஆற்றங்கரைப் பக்கம் நடக்கிறது. அவர் வந்து பார்த்ததில்லை. அவள் வீடு திரும்ப நேரமானால், கரை வரை வந்து நின்று அழைத்துச் செல்கிறார்.