இலையின் வாயிலும் புலனடக்கமும்

புலன்களின் வாயில்களை அடைத்துவிடுவதே அடக்கமா, அல்லது காலமறிந்து அவற்றைத் திறக்கவும் மூடவும் வல்லவனாவதே அடக்கமா என்ற கேள்வி, ஆத்ம சாதனையில் இறங்கிய எவரையும் விடுவதில்லை. கீதையும் குறளும் ஐம்பொறிகளை அடக்குவதற்கு ஆமையை உவமை காட்டின. அதனை மேற்போக்காகக் கேட்டவர்களோ, ஓட்டுக்குள் ஒடுங்கிக் கிடப்பதே ஆமையின் ஆயுள் முழுதும் என்றெண்ணி, உலகத்தைப் பார்த்துக் கதவடைப்பதே வைராக்கியம் என்று முடிவுகட்டிவிட்டனர்.

இந்தச் சந்தேகத்தைத் தெளிவிக்க ஒரு பச்சை இலை போதும். பெரும்பாலும் அதன் அடிப்புறத்தில், வெறுங்கண்ணுக்குப் புலப்படாத நுண்துளைகள் எண்ணிறந்தன உள்ளன. ஒவ்வொன்றின் இருமருங்கிலும் அவரை விதை வடிவான இரண்டு காப்பு உயிரணுக்கள் அமைந்து, நீரால் விம்மும்போது வாயிலைத் திறந்தும், நீர் குறைந்து தளரும்போது மூடியும் காவல் புரிகின்றன. காற்றில் 10,000 பங்குக்கு ஏறக்குறைய 4 பங்கே உள்ள கரியமில வாயு உட்புகுவதும், இலை ஒளியின் துணையால் ஆகாரம் சமைக்கையில் நீரினின்று பிரியும் பிராணவாயு வெளியேறுவதும், வேர் உறிஞ்சி அனுப்பிய நீரில் பெரும்பகுதி ஆவியாகிப் போவதும் இந்த ஒரே வழியாகத்தான். திறந்தே கிடந்தால் இலை உலர்ந்து சாகும். அடைத்தே கிடந்தால் பசியால் சாகும்.

வறட்சியைத் தாங்கும் ரணகள்ளியோ தாவரங்களுள் ஒரு தபஸ்வி. பகலின் வெப்பத்தில் வாயிலை மூடி, குளிர்ந்த இரவில் திறந்து, கரியமில வாயுவை அமிலமாக்கிச் சேமித்து, மறுநாள் ஒளி வந்ததும் அதைக்கொண்டே அது ஆகாரம் சமைக்கிறது. அதன் இலை விடியற்காலையில் புளிப்பதையும், நண்பகலுக்குள் அப்புளிப்பு மறைவதையும், இந்தியாவில் பணியாற்றிய பெஞ்சமின் ஹெய்ன் என்னும் தாவரவியலார் தம் நாவாலேயே சுவைத்தறிந்து எழுதினார். அக்குறிப்பு 1815-ஆம் ஆண்டளவில் அச்சேறியது. இத்தனை கடுமையான விரதம் பூண்ட செடியும் வாயிலை அறவே அடைத்துவிடவில்லை. திறக்கும் வேளையைத்தான் மாற்றிக்கொண்டது.

ஆதலின் துறவின் சாரம் மறுப்பில் இல்லை, அளவிலும் வேளையிலும் இருக்கிறது. காண்பதும் கேட்பதும் பழகுவதும் நம்மிடமிருந்து ஏதேனும் ஒன்றைக் கவர்ந்தே செல்லும் என்பது மெய். ஆனால் அந்த நஷ்டத்துக்கு அஞ்சி உலகை ஏற்க மறுப்பவன், உலகுக்கு ஈயும் வழியையும் உடன் அடைத்துக்கொள்கிறான். சங்கல்பமற்ற இலை இந்த நியதியை இயல்பாகவே நடத்துகிறது. விவேகம் வாய்த்த மனிதனோ அதைத் தானே தேர்ந்து நடத்தக் கடமைப்பட்டவன்.