நடுவரில்லா ஆடுகளம்

நடுவர் இல்லாத ஆட்டம் என்றால் நம்மவர் நகைப்பர். தெருவில் சிறுவர் ஆடும் கிரிக்கெட்டில் மட்டை பிடிக்கும் பக்கத்துப் பையனே நடுவனாய் நிற்பதும், அவன் விரல் உயராமலே மாலைப் பொழுது கழிவதும் யாவரும் கண்டதுதான். பெரியவர் ஆடும் போட்டிகளிலோ நடுவர் போதாமல் கேமராக்களும் காவல் நிற்கின்றன. இந்நிலையில், உலகப் போட்டி வரை வளர்ந்த ஓர் ஆட்டம் நடுவரே இன்றி நடந்து வருகிறது என்பது சிந்தனைக்குரிய செய்தியாகும். அல்டிமேட் ஃபிரிஸ்பி என்பது அதன் பெயர்.

1968ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்து மேப்பிள்வுட் என்னும் ஊரில் பள்ளி மாணவர் சிலர் உருவாக்கிய ஆட்டம் இது. பக்கத்திற்கு எழுவர். 175 கிராம் எடையுள்ள வட்டத் தட்டை ஒருவர்க்கொருவர் எறிந்து, எதிர்ப்பக்கத்து எல்லைப் பகுதிக்குள் நிற்கும் தம்மவர் கையில் சேர்த்துவிட்டால் ஒரு புள்ளி. தட்டைப் பிடித்தவர் அதனுடன் ஓடலாகாது. பத்து நொடிக்குள் எறிந்துவிடல் வேண்டும். நம் சென்னைக் கடற்கரை மணலிலும் இவ்வாட்டம் வேரூன்றியிருக்கிறது. அங்குள்ள அணியொன்றைப் பற்றி எடுக்கப்பட்ட ‘175 கிராம்ஸ்’ என்னும் குறும்படம் 2015ல் சன்டான்ஸ் திரைப்பட விழா வரை சென்றது. அங்கே ஆணும் பெண்ணும் ஓரணியில் ஆடுகின்றனர். அதைப் பற்றி நம் பெரியவர்கள் சொல்லக்கூடியது தனியே உண்டு. அஃது இன்றைய பொருளன்று.

எதிராளி தன்னை இடித்துவிட்டான் என்று கருதுபவன் ‘ஃபவுல்’ என்று குரல் கொடுப்பான். ஆட்டம் நிற்கும். இடித்தவன் ஒப்புக்கொண்டால் தட்டு இவனுக்கு. மறுத்தால் தட்டு எறிந்தவன் கைக்கே மீளும், ஆட்டம் தொடரும். இவ்வளவுதான் வழக்கும் தீர்ப்பும்.

ஆரல்வாய்மொழிக் கணவாயின் ஆனி, ஆடிக் காற்றை அறிந்தவர்களுக்கு இதன் அருமை நன்கு விளங்கும். மலையிடுக்கில் புகுந்து காற்றாலைகளைச் சுழற்றும் அக்காற்றில் இத்தட்டை எறிந்தால், அஃது எப்பக்கம் திரும்பும் என்று எறிந்தவனாலேயே சொல்ல இயலாது. கைக்கு எட்டும் வேளையில் தட்டு நழுவியது காற்றினாலா, எதிராளியின் முழங்கை பட்டதனாலா? ஓரத்தில் நிற்பவர் அறியார். ஆடிய இருவரே அறிவர். சில வேளைகளில் இடித்தவன் ஒருவனே அறிவான்.

பிறர் மீது சொல்லும் சாட்சியத்தை ஷஹாதத் என்றும், தன் மீது தானே சொல்லும் ஒப்புதலை இக்ரார் என்றும் பிக்ஹு நூல்கள் பிரித்துரைக்கும். சாட்சியத்திற்கு எண்ணிக்கையும் நன்னடத்தையும் பிற நிபந்தனைகளும் வேண்டும். இக்ராருக்குப் பெரும்பாலான வழக்குகளில் ஒருவன் சொல்லே போதும்; தனக்குத் தானே கேடு தேடிப் பொய்யுரைப்பவர் அரியர் அல்லரோ! ஆனால் அதற்கோர் எல்லையும் உண்டு. ஒப்புதல் சொன்னவனை மட்டுமே கட்டும், பிறரைக் கட்டாது. 19ஆம் நூற்றாண்டில் உஸ்மானிய அரசு தொகுத்த மஜல்லா சட்டத்திலும் இவ்விதி காணப்படுகிறது. இதை நினைவில் இருத்திக்கொள்ளுமாறு வாசகர்களை வேண்டுகிறேன். பின்னர் இதன் தேவை வரும்.

ஆட்டம் முடிந்ததும் ஒவ்வோர் அணியும் எதிரணியின் ஒழுக்கத்திற்கு மதிப்பெண் இடுகிறது. விதியறிவு, உடல்மோதல், நடுநிலை, தன்னடக்கம், பேச்சு என ஐந்து தலைப்பு. தலைப்புக்கு நான்கு வீதம் மொத்தம் இருபது. ஒழுக்கத்தை எண்ணால் அளப்பதில் எனக்கு முழு உடன்பாடில்லை. மதிப்பெண் உண்டென்றால் அதற்காக நடிப்போரும் உண்டாவர். ஆயினும், இடுபவன் எதிராளியே என்பதில் ஒரு நயமிருக்கிறது. 2012ல் அமெரிக்காவில் தொடங்கிய தொழில்முறைப் போட்டி நடுவர்களை அமர்த்திக்கொண்டது. அங்குங்கூட, நடுவர் தனக்குச் சாதகமாய்க் கூறிய தீர்ப்பை ஆட்டக்காரனே மறுத்துத் திருத்தலாம் என்றொரு விதியை விட்டுவைத்தனர்.

இனி, ஆடுகளத்தைவிட்டு வெளியே வருவோம். கல்லூரிகளில் இத்தகைய ஆட்டக்குழுக்களைப் பெரும்பாலும் மாணவரே நடத்துகின்றனர். புதிதாய்ச் சேர்ந்தவனை மூத்தவர் இழிவுபடுத்துவதும், குடிக்க வற்புறுத்துவதும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் நெடுநாள் நோய். செய்தி வெளிவந்தால் குழு முழுவதையும் தடைசெய்துவிடுவது அங்கே வழக்கம். நம் நாட்டிலும் ராகிங் என்னும் பகடிவதையின் கொடுமை நாம் அறியாததன்று. 1996ல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டதன் பின், 1997ல் தமிழக அரசு தனிச்சட்டம் இயற்றி இரண்டாண்டு வரை சிறையும் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமும் விதித்தது. 2009ல் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட விதிகளோ ஒருபடி மேலே சென்றன: செய்தவர் இன்னாரென்று தெரியாவிடில் கூட்டுத் தண்டனை விதிக்க வேண்டும் என்கின்றன.

களத்தில் ‘ஆம், நான்தான் இடித்தேன்’ என்று சொல்லும் அதே இளைஞன் முதல்வர் அறையில் ஊமையாகிவிடுகிறான். ஏன்? அங்கே அவன் சொல்லுக்கு விலை ஒரு தட்டு. இங்கே தோழர் அனைவருடைய ஆண்டு முழுவதும் பறிபோகும். ஒருவன் இக்ரார் எல்லாரையும் கட்டும் என்று விதித்தால் எவன்தான் வாய் திறப்பான்? கூட்டுத் தண்டனை உண்மையை வரவழைப்பதற்குப் பதிலாகப் பூட்டிவைக்கிறது.

இதைச் சாக்காக்கி, ‘எங்கள் ஆட்டத்தில் நடுவரே இல்லை; எங்கள் குற்றத்தையும் நாங்களே தீர்த்துக்கொள்வோம்’ என்று குழுவினர் கிளம்புவார்களாயின் அதை ஏற்பதற்கில்லை. களத்தில் மோதிய இருவரும் சமமானவர். விதியறிந்து விரும்பி இறங்கியவர். ‘ஃபவுல்’ என்று கத்த இருவருக்கும் உரிமை உண்டு. முதலாண்டு மாணவனுக்கு அந்தக் குரல் ஏது? மூத்தவர் முன் நடுங்கி நிற்பவனைப் பார்த்து, ‘நீயும் நாங்களும் பேசித் தீர்ப்போம்’ என்பது கொடுமையின் இரண்டாம் பாகமேயன்றி வேறில்லை. அவனுக்கு நடுவர் வேண்டும்.

அப்படியாயின், செய்தவன் தெரியாதபோது என் செய்வது? ஹனபி மத்ஹபில் கஸாமா என்றொரு முறை உண்டு. ஒரு குடியிருப்பில் கொலையுண்டவன் உடல் கிடந்து, கொன்றவன் அறியப்படவில்லையானால், அப்பகுதியினருள் ஐம்பது ஆடவரைத் தேர்ந்து, ‘நான் கொல்லவில்லை, கொன்றவனையும் அறியேன்’ என்று ஒவ்வொருவரிடமும் சத்தியம் வாங்குவர். பின்னர் அப்பகுதியினர் சேர்ந்து இழப்பீடு செலுத்துவர். ஒருவர் பாவத்தை மற்றவர் சுமப்பதில்லை என்ற மார்க்கத்தில் இஃது எப்படி என்று ஓதும் காலத்தில் நாங்கள் வாதாடியதுண்டு. கூர்ந்து பார்த்தால் முரண் இல்லை. அவர்கள் தலையில் விழுவது பொருட்சுமை, கொலைப்பழி அன்று. எவரும் பழிக்குப் பழியாகக் கொல்லப்படுவதில்லை. அதற்கும் முன்னர், ஒவ்வொருவனையும் தனியே நிறுத்தித் தன் நாவால் சொல்லவைத்த பிறகே சுமை வருகிறது.

கல்லூரிகள் இவ்வரிசையைக் கவனித்தல் நன்று. ஆட்டக்குழுவின் பதினைந்து பேரையும் ஒவ்வொருவராய் அழைத்து, மற்றவர் செவிபடாத அறையில் கேட்கட்டும். ஒப்புக்கொண்டவன் சொல் அவனோடு நிற்கும் என்று முன்னரே அறிவிக்கட்டும். பாதிக்கப்பட்ட மாணவனின் மருத்துவச் செலவையோ படிப்பின் இழப்பையோ குழு முழுவதும் ஈடுசெய்யச் சொல்வதில் தவறில்லை. ஆனால் எல்லாருடைய சான்றிதழிலும் குற்றவாளி என்றெழுதுவது வேறு. பதினைந்து பேரைத் தனித்தனியே கேட்க ஒரு முழுநாள் பிடிக்கும். குழுவைக் கலைத்ததாக அறிவிப்புப் பலகையில் ஒரு தாளை ஒட்டக் கால்மணி நேரம் போதும். பெரும்பாலும் அந்தத் தாளே ஒட்டப்படுகிறது.