வெளுத்தது துணி, இளைத்தது யார்?

‘இயற்கை படைத்ததை மனிதன் திருத்துவதா?’ எனப் பதறுவோர் உளர். பாசில்லஸ் நுண்ணுயிர் சுரக்கும் சப்டிலிசின், புரதத்தை அரிக்கும் நொதி. இரத்தக் கறையையும் கரைக்கும். வெளுப்பான் பட்டாலோ சோர்ந்துவிடும். 1985-இல் அமெரிக்க அறிஞர்கள் அதன் 222-ஆம் இடத்து மெத்தியோனினை அகற்றி, வேறு அமினோ அமிலம் அமைத்தனர், சோர்வு தொலைந்தது. இதிலே பாவம் எங்கே? காட்டுப் புல்லை நெல்லாக்கியவனும் திருத்தியவன்தானே!

நம் கவலை வேறு. 1969-இல் ‘லான்செட்’ மருத்துவ ஏடு ஒரு செய்தி தந்தது: பிரிட்டனில் சலவைத்தூள் செய்த தொழிலாளர், நொதித் தூசியைச் சுவாசித்து மூச்சிளைத்தனர். துணி வெளுத்தது, தொழிலாளி இளைத்தான்! அதன் பின்னரே நொதியை மணிகளாக்கி மேற்பூச்சிட்டனர், தூசி பறவாதிருக்க. கறை போகுமா என்று முதலிலேயே கேட்டவர்கள், தூசி எவர் நெஞ்சில் படியும் என்று பிறகுதானே கேட்டார்கள், தோழர்களே? திருத்திய நொதியும் தூசியாய்ப் பறந்தால் அதே இளைப்புத்தான்.