பெயரும் பழியும்

பொருளுக்கும் பெயருக்கும் உள்ள தொடர்பு இயற்கையானதா, வழக்கினால் அமைந்ததா என்னும் வினா மிகப் பழையது. பிளேட்டோவின் 'கிராத்திலஸ்' உரையாடல் இதனையே ஆராய்கின்றது. தமிழிலக்கணத்தார் இடுகுறிப்பெயர், காரணப்பெயர் எனப் பகுத்தமையும் இதனோடு ஒட்டியதே. ஆயின், ஒரு பெயர் பொய்யான காரணத்தைச் சுமக்கும்போது வினா மொழியியலின் எல்லை கடந்து அறவியலுட் புகுகின்றது. ஐரோப்பாவில் வளரும் 'எல்டர்' என்னும் செடி இதற்குத் தக்க சான்றாகும்.

ஆங்கிலத்தில் 'எல்டர்' என்பது மூத்தோரையும் குறிக்கும். எனினும் செடியின் பெயருக்கும் முதுமைக்கும் உறவில்லை. பழைய ஆங்கிலச் சொல்லான 'எல்லேர்ன்' திரிந்து, தற்செயலாக அவ்வொலியை அடைந்தது. 1753இல் லின்னேயஸ் இட்ட 'சம்புக்கஸ் நைகிரா' என்னும் பெயரின் முற்பகுதி உரோமர் இச்செடிக்கு வழங்கியது. பிற்பகுதி கனியின் கருமையைச் சுட்டுவது. முன்னையது ஒலிமயக்கம், பின்னையது விவரணம். இவற்றால் எவருக்கும் தீங்கில்லை.

ஆனால், யூதாஸ் தூக்கிட்டு இறந்தது இம்மரத்திலேயே என இடைக்கால ஐரோப்பியர் கதை கட்டினர். மத்தேயு நற்செய்தி அவன் நான்றுகொண்டதைக் கூறுகின்றதேயன்றி மரம் எதுவென்று கூறவில்லை. இதன் கிளைகளில் முளைக்கும் காதுவடிவக் காளானுக்கு 'யூதாஸின் காது' என்னும் பொருளுடைய இலத்தீன் பெயர் வந்தது. ஆங்கில வழக்கில் அது 'யூதரின் காது' எனத் திரிந்தது. தனியொருவன்மேற் சாற்றிய பழி, சொற்றிரிபொன்றினால் ஓர் இனத்தின் மேலேறிற்று.

பெயர் வெறும் அடையாளமே; சொல்வோர் எவரும் பகைமையை எண்ணிச் சொல்வதில்லை என வாதிடலாம். இவ்வாதம் சொல்வோன் உள்ளத்தை மட்டுமே நோக்குகின்றது, கேட்போனை மறந்துவிடுகின்றது. எண்ணாமலே சொல்லப்படும் பழிக்கு மறுமொழி கூறுதல் அரிது. அதனை எவரும் குற்றச்சாட்டாகவே கருதுவதில்லை.

அறிவியற் பெயர்கள் நிலைபெற்றிருத்தல் வேண்டும் என்பதும் நியாயமே. எனினும் 2024இல் மட்ரிட் நகரிற் கூடிய அனைத்துலகத் தாவரவியல் மாநாடு, ஆபிரிக்க மக்களை இழிவுபடுத்திய 'கஃப்ரா' என்னும் அடைமொழியை இருநூறுக்கு மேற்பட்ட பெயர்களில் 'அஃப்ரா' என மாற்றத் தீர்மானித்தது. நிலைபேறும் நீதியும் ஒன்றையொன்று அழிப்பனவல்ல என்பது இதனாற் புலனாகும்.

ஆகவே, பிழையான பெயர்கள் யாவும் களையப்பட வேண்டியனவல்ல. பொருளைத் தவறாகக் காட்டும் பெயரை அறிவு திருத்திக்கொள்ளும். கதைமாந்தன் ஒருவனைச் சுட்டும் இலத்தீன் பெயர் அறிவியலில் நிலைத்திருக்கலாம். மக்களினமொன்றின் மேற் பழியேற்றும் பெயரோ வழக்கினின்று நீங்குதல் வேண்டும். அது தோன்றிய வரலாறு மட்டும் மறக்கப்படலாகாது.