இரும்பை அரித்த பழி

எண்ணெய்க் கிணற்றுக்குள் இறங்கும் எஃகுக் குழாயைக் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அரித்து ஓட்டையாக்கினால், பழி யாருக்கு? நோக்கமே வினை என்னும் பௌத்த அளவுகோலின்படி யாருக்கும் இல்லை. நிலத்தடி அழுத்தம் குறையாதிருக்கச் செலுத்தும் கடல்நீரில் சல்பேட் ஏராளம். ஆக்சிஜன் எட்டாத இருட்டில் சில பாக்டீரியாக்கள் அந்தச் சல்பேட்டைக் கொண்டே சுவாசித்து ஹைட்ரஜன் சல்பைடை வெளிவிடுகின்றன. உட்சுவரில் அவை கட்டும் வழவழப்பான படலத்துக்கு அடியில் இரும்பு குழிகுழியாகக் கரைகிறது. இரும்பிலிருந்து நேராகவே எலக்ட்ரானை எடுத்துக்கொள்ளும் இனங்களும் உண்டென 2004இல் ஜெர்மனி ஆய்வாளர்கள் எழுதினார்கள். இதில் பகை எங்கே? வயிற்றுப்பாடுதான். ஆனாலும் கணக்கை அதோடு மூடிவிட முடியாது. சமணத்தின் அளவுகோல் இங்கே இன்னும் கூர்மையானது: உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் இம்சையை வரையறுக்கையில் கவனமின்மையைத்தான் முன்னே வைக்கிறது.

அலாஸ்காவின் புரூடோ விரிகுடாவில் 2006 மார்ச்சில், பி.பி. நிறுவனத்தின் 34 அங்குலக் குழாயில் விழுந்த சிறு துளை வழியே சுமார் 8 லட்சம் லிட்டர் கச்சா எண்ணெய் பனிநிலத்தில் கசிந்தது. அது கிணற்றுக்குள் இறங்கும் குழாய் அல்ல, கிணற்றிலிருந்து வந்த எண்ணெயைக் கொண்டுபோகும் குழாய். அரிப்பின் கதை மட்டும் ஒன்றே. உற்பத்தி குறைந்து ஓட்டம் மந்தமானதால் அடியில் நீரும் வண்டலும் தேங்கின. உள்ளே ஓடித் துப்புரவு செய்யும் ‘பிக்’ கருவியை அந்தக் குழாயில் 1998க்குப் பிறகு செலுத்தவே இல்லை. அரித்தவை பாக்டீரியாக்கள், இடம் கொடுத்தவர்கள் மனிதர்கள். 2007இல் நிறுவனம் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அமெரிக்க நீர்ச் சட்டம் அங்கே கெட்ட எண்ணத்தைத் தேடவில்லை, கவனக்குறைவே அதற்குப் போதுமாக இருந்தது.

இரும்பு துருப்பிடிப்பது இயற்கை. அப்படியானால் ஒவ்வொரு பொறியாளரும் பாவியா என்று கேட்கலாம். பார்த்துப் பார்த்து அடியெடுத்து வைக்கும் துறவியின் காலடியில் பூச்சி நசுங்கினாலும் அவருக்கு வினை ஒட்டாது என்று சொல்வதும் சமணம்தான். வள்ளுவர் பொச்சாவாமையை, அதாவது மறவாமையை, பொருட்பாலில், அரசனுக்குரிய பண்புகளோடு சேர்த்ததும் அதிகாரம் உள்ளவனின் மறதி பலரைத் தாக்கும் என்பதால்தான் என்று நான் வாசிக்கிறேன். இன்னொரு தடை கடினமானது. குழாயில் குளுடரால்டிஹைடு என்னும் கிருமிக்கொல்லியை ஊற்றிக் கோடானுகோடி ஓரறிவுயிர்களைக் கொல்வது இம்சை இல்லையா? இம்சைதான். இல்லறத்தானின் தொழிலில் நேரும் இம்சை என்று சமணமே தனியாக வகுத்ததில் அது அடங்கும்; குறைக்க வழி இருந்தால் குறைத்தாக வேண்டும். வடகடலின் கல்ஃபாக்ஸ் எண்ணெய் வயலில் 1999இல் கடல்நீரோடு நைட்ரேட்டைச் செலுத்தத் தொடங்கினார்கள். நைட்ரேட்டில் வாழும் வேறு பாக்டீரியாக்கள் பெருகி, சல்பேட் இனங்களின் இரையைத் தட்டிப் பறித்தன. அங்கும் அளவைச் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். நைட்ரேட்டின் அளவு பிசகினால் அதுவே வேறு வகை அரிப்பைத் தொடங்கிவைக்கும்.